கிம்ச்சியின் வாடைக்கு வயது உண்டு

கோஸை உப்பிட்டு, மிளகாயும் பூண்டும் பூசிப் புளிக்க வைக்கிற கொரியப் பதார்த்தம் கிம்ச்சி. அதன் பெயரைச் சொன்னதும் ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் ருசியைப் பற்றிக் கேட்பதில்லை. "அந்த நாத்தத்தை எப்படித் தாங்குறீங்க?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆராய்ச்சி வேலையாகத் தென்கொரியாவின் குவாங்ஜூ நகரத்தில் சில வருடங்கள் இருந்தேன். லிஃப்டுக்குள் அந்த நெடி நிற்கும். ஆய்வகத்தின் பொது ஃப்ரிட்ஜைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கிற கூட்டங்களில், எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் மூச்சோடு வரும். பூண்டு, புளிப்பு, மீன் கவிச்சி மூன்றும் கலந்து, அதற்கு அடியில் மிளகாய்ப்பொடியின் லேசான தித்திப்பு.

எல்லாரும் அதை ஒரே வாடையாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல். போட்ட அன்றைய கிம்ச்சிக்கு ஒரு வாசனை, மூன்று வாரம் ஆனதற்கு வேறு வாசனை, இரண்டு குளிர்காலம் பார்த்ததற்கு முற்றிலும் வேறு. கொரிய வீடுகளில் அதை மூக்கால் படிக்கிறார்கள். எந்த டப்பாவை இன்றைக்குத் திறக்கலாம், எதை அடுத்த மாதத்துக்கு விடலாம், எதைக் குழம்புக்கு ஒதுக்கலாம் என்பதெல்லாம் முகர்ந்து பார்த்தே முடிவாகிறது. இந்த வாடையை மறைக்கவும் குறைக்கவும் பல தலைமுறைகளாக நடந்த முயற்சிகளைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, அது மறைக்க வேண்டிய ஒன்றே இல்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

நான் குடியிருந்த கட்டடத்தின் வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. குடியிருந்த எல்லாரும் அவரை ஹல்மொனி என்றே கூப்பிடுவோம், பாட்டி என்று அர்த்தம். அவருடைய தாய்வீடு நாஜூ பக்கம் ஒரு கிராமத்தில். நவம்பர் கடைசியில் அங்கேதான் கிம்ஜாங் நடக்கும். குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய கிம்ச்சியை உறவும் அக்கம்பக்கமும் கூடி ஒரே மூச்சில் போட்டு வைக்கிற வேலைக்குத்தான் கிம்ஜாங் என்று பெயர். 2013-இல் தென்கொரியாவின் கிம்ஜாங்கையும், 2015-இல் வடகொரியாவின் கிம்ச்சி போடும் மரபையும் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் வீட்டுக்கு நூறு தலை கோஸ் போடுவார்களாம், கம்பெனிகள் அதற்கென்றே போனஸ் கொடுப்பார்களாம். இப்போது குடும்பம் சுருங்கிவிட்டதால் இருபது தலையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். ஹேனம் பகுதியிலிருந்து உப்பில் ஊறவைத்த கோஸாகவே பெட்டியில் வரவழைத்துக்கொள்ளலாம். ஹல்மொனி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. உப்பு போடுவதை அடுத்தவர் கையில் விட்டால் கிம்ச்சி தன்னுடையதாக இருக்காது என்பது அவர் எண்ணம்.

முதல் நாள் மதியம் உப்பு வேலை. நீளவாட்டத் தலையுள்ள சீனக் கோஸை அடியில் கத்தியால் கொஞ்சம் கீறிவிட்டு, மீதியைக் கையால் பிளப்பார்கள். கத்தியாலேயே வெட்டினால் உள் இலைகள் தூள்தூளாகக் கொட்டிப்போகும். சினான் தீவுகளின் உப்பளத்திலிருந்து வந்த கல்லுப்பைக் கை நிறைய எடுத்து, ஒவ்வொரு இலையாகத் தூக்கி, வெள்ளைத் தண்டுப் பகுதியில் மட்டும் தூவுவார்கள். இலைப் பக்கம் தானாகவே துவண்டுவிடும், தண்டுதான் முரண்டு பிடிக்கும். ராத்திரி நடுவில் எழுந்து ஒரு தடவை புரட்டிப் போடவேண்டும். காலையில் தண்டை வளைத்துப் பார்ப்பார் ஹல்மொனி. உடையாமல் வளைந்தால் சரி. அந்த நேரத்தில் கொல்லையில் இருக்கும் வாசனை நன்றாக இருக்கும், மழைக்கு அப்புறம் தோட்டத்தில் வருகிற பச்சை வாசனையோடு கடுகின் லேசான காரம். அந்தக் காரத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கோஸும் கடுகும் ஒரே குடும்பம். கடுகை அரைத்தால் மூக்கில் ஏறும் அதே வகைக் கந்தகச் சேர்மங்கள்தான் இலை நசுங்கும்போது இங்கேயும் வெளிவருகின்றன.

இந்தக் குடும்ப உறவை ஆராய்ந்து விளக்கியவரே கொரியாவின் கோஸ் வரலாற்றில் பெரிய பெயர் என்பதை இங்கே சொல்லாமல் போக மனசு வரவில்லை. ஊ ஜாங்-சுன் 1898-இல் டோக்கியோவில் பிறந்தவர், தகப்பனார் கொரியர், தாய் ஜப்பானியர். கோஸ், கடுகு, நூல்கோல் வகைச் செடிகள் ஒன்றோடொன்று கலந்து புது இனங்கள் எப்படி உண்டாயின என்பதை 1935-இல் விளக்கினார். 1950-இல் கொரியாவுக்கு வந்து, போரில் நொறுங்கிக் கிடந்த நாட்டுக்குக் கோஸுக்கும் முள்ளங்கிக்கும் நல்ல விதை உண்டாக்கிக் கொடுத்தார். 1959-இல் இறந்துபோனார். இன்றைக்குக் கொரியாவின் கிம்ச்சிப் பானைக்குள் கெட்டியான கோஸ் இருக்கிறதென்றால் அதில் அவர் கையும் இருக்கிறது.

மசாலா கலக்கும்போதுதான் நெடி ஆரம்பிக்கிறது. முழங்கை வரை ரப்பர் கையுறை, நடுவே குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதில் பசையரிசிக் கஞ்சி, மிளகாய்ப்பொடி, பூண்டு, இஞ்சி, நறுக்கிய முள்ளங்கி, வெங்காயத்தாள், கடுகுக்கீரை. அப்புறம் ஜொத், அதாவது உப்பிலேயே ஊறிக் கரைந்த கடல் பொருள்கள். ஹல்மொனியிடம் இரண்டு ஜாடி இருந்தது. ஒன்றில் நம்மூர் சென்னாக்கூனி மாதிரியான பொடி இறால். அதிலும் சந்திர நாட்காட்டியின் ஆறாம் மாதத்தில் பிடித்த இறால்தான் உசத்தி என்பார்கள், கொழுப்பேறி இருக்குமாம். இன்னொன்றில் நெத்திலி. ஒரு வருடத்துக்கு மேல் உப்பில் கிடந்து, உருவம் தெரியாமல் பழுப்புக் குழம்பாகியிருந்தது. நெத்திலி ஜாடியைத் திறந்ததும் உடன் வந்திருந்த ஐரோப்பிய மாணவி ஒருத்தி வாசலுக்கே போய்விட்டாள். எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. கருவாட்டுக் கடை வழியாக நடந்து வளர்ந்த மூக்கு இது.

வடக்கே போகப் போகக் கிம்ச்சி சாந்தமாகிறது, உப்பும் ஜொத்தும் குறைந்து தண்ணீர் கூடுகிறது. குவாங்ஜூ இருக்கும் ஜொல்லா பகுதி தெற்கே, வெயில் அதிகம். சீக்கிரம் புளிக்காமல் இருக்க உப்பும் ஜொத்தும் தாராளமாகப் போவதால், நாட்டிலேயே நெடி தூக்கலான கிம்ச்சி அவர்களுடையது. அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு.

பூசுகிற வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இலைக்கு இலை மசாலாவைத் தேய்த்து, கடைசியில் வெளி இலையை இழுத்து முழுத் தலையையும் சுற்றி ஒரு பொட்டலமாக்கி, வெட்டுவாய் மேலே பார்க்க டப்பாவில் அடுக்கி, காற்று போகும்படி உள்ளங்கையால் அழுத்துவார்கள். விளிம்பு வரை நிரப்ப மாட்டார்கள். மேலே உப்பிட்ட வெளி இலைகளைப் போர்த்தி மூடுவார்கள். வேலை முடிந்த சாயங்காலம் பன்றிக்கறியை வேகவைத்துத் துண்டு போட்டு, அன்று பூசிய கிம்ச்சியோடு சாப்பிடுவார்கள். அந்தக் கிம்ச்சியில் புளிப்பே கிடையாது. பச்சைப் பூண்டும் பச்சை இலையும்தான் வாசனை. சாப்பிட்டவர் எல்லாருக்கும் கிளம்பும்போது ஆளுக்கொரு டப்பா. உதவிக்கு வராத பக்கத்து வீட்டுக்கும் ஒன்று போனது.

டப்பா மூடிய பிறகு நடப்பதுதான் எனக்குத் தீராத அதிசயம். உப்பு கோஸிலிருந்து தண்ணீரை இழுத்து, கெடுக்கிற நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றை அடக்கிவிடுகிறது. உப்பைத் தாங்கக்கூடிய லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இலையின் மேலேயே இருந்தவை, வெளியிலிருந்து யாரும் உறை ஊற்றுவதில்லை. முதலில் வேலையைத் தொடங்குவது லியூக்கோநாஸ்டாக் வகை. நம் வீட்டு இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு அதே லியூக்கோநாஸ்டாக்குக்குத்தான். மாவில் அது உண்டாக்கும் வாயு இட்லியை உப்ப வைக்கிறது. கிம்ச்சியில் அதே வாயு சாற்றில் கரைந்து, நாக்கில் சுருக்கென்று குத்தும் சோடாத்தன்மையைக் கொடுக்கிறது. புளிப்பு ஏறிப்போனதும் லியூக்கோநாஸ்டாக் ஒதுங்க, அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் லாக்டோபசில்லஸ் வகைகள் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. நன்றாகப் பழுத்த கிம்ச்சியின் அமில அளவு பிஎச் 4.2 முதல் 4.5 வரை இருக்கும்.

வாடையின் கதை இதோடு சேர்ந்தே நடக்கிறது. பூண்டை நசுக்கியதும் அதிலுள்ள ஒரு நொதி அல்லிசினை உண்டாக்குகிறது. பச்சைப் பூண்டின் சுரீர் நெடி அது. அல்லிசின் நிலையாக நிற்காது, நாளாக நாளாக வேறு கந்தகச் சேர்மங்களாக உடையும். கோஸும் தன் பங்குக்குக் கந்தகத்தைக் கொடுக்கும். அதனால் நடுக்கட்டத்தில், போட்டுச் சில நாள் கழித்து, ஒரு குழப்பமான வாடை வரும். பச்சை வாசனை போயிருக்கும், புளிப்பு இன்னும் வந்திருக்காது, மூடியைத் திறந்தால் அழுகிய கோஸ் போலத் தோன்றும், ருசியும் கசப்படிக்கும். இந்தக் கட்டத்தில் கொரியர்கள் "கிம்ச்சிக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது" என்பார்கள். ஹல்மொனி அப்படிச் சொல்லிவிட்டு மூடியைத் திரும்ப அழுத்திவிடுவார். தொடக்கூடாது, விட்டுவிட வேண்டும். கிம்ச்சி நாறுகிறது என்று முகம் சுளித்த பல வெளிநாட்டவர்கள் சந்தித்தது இந்த நடுக்கட்டத்துக் கிம்ச்சியைத்தான் என்று நினைக்கிறேன். யாரோ அன்போடு கொடுத்த டப்பாவை ஆசையாகத் தவறான நாளில் திறந்திருப்பார்கள்.

இரண்டு மூன்று வாரம் குளிரில் இருந்த பிறகு அதே டப்பாவில் வருகிற வாசனை தெளிந்திருக்கும். தயிரின் புளிப்பை நினைவுபடுத்தும் நேர்த்தியான புளிப்பு முன்னால் நிற்கும், பூண்டு பின்னால் போயிருக்கும், கவிச்சி என்று தனியாக எதையும் பிரித்தெடுக்க முடியாது. மீனும் இறாலும் கரைந்து சாற்றின் ருசிக்குள் போய்விட்டன. ஒரு வருடம், இரண்டு வருடம் தாண்டினால் அது முகுன்ஜி. இலை துவண்டு, நிறம் பழுப்பேறி, திறந்த உடனே கண்ணில் நீர் வரவழைக்கும் ஆழமான புளிப்பு. பன்றிக்கறியோடோ மீனோடோ கொதிக்க வைக்க இதைவிட நல்லது கிடையாது. சாறு வற்றி மேல் இலை காற்றில் பட்டுவிட்டால் மட்டும் வெள்ளை ஆடை படிந்து, மக்கின ஒரு துர்வாடை வரும். அந்த ஆடை காற்றில் வளரும் ஈஸ்ட் வகை. மேலே கொஞ்சமாக இருந்தால் எடுத்துப் போட்டு, கழுவி, சமைத்துவிடுவார்கள். அந்த வாடைக்குத் தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். கிம்ச்சியைக் கொண்டாடுகிற வீட்டிலும் அது பிடிக்காத வாடைதான். கிம்ச்சி வாடை எல்லாமே கொரியர்களுக்குச் சந்தனம் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் மூக்கு நம் மூக்கைவிடக் கறாரானது.

ஆய்வகத்தில் ஒருமுறை இதை எல்லாரும் சேர்ந்து அனுபவித்தோம். மொக்போவிலிருந்து ஜூனியர் பையன் ஒருவனுக்கு அவன் அம்மா அனுப்பிய பார்சல் வார இறுதியில் வந்து, வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருந்த அறையில் தங்கிவிட்டது. தெர்மோகோல் பெட்டியைத் திறந்தால் உள்ளே பை தலையணை போல உப்பியிருந்தது. கத்தரிக்கோலால் தொட்டதும் உஸ்ஸென்று சத்தம், சிவப்புச் சாறு மேஜையெல்லாம் ஓடியது, தாழ்வாரம் முழுக்க வாடை. பையன் வெட்கப்படவே இல்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, "நன்றாகப் பழுத்துவிட்டது" என்று சிரித்தான். மதியம் அதைத் தட்டில் வைத்து எல்லாரையும் கூப்பிட்டான்.

அந்தச் சிரிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அவனுக்கு இரண்டு மூன்று தலைமுறைக்கு முந்தைய கொரியர்களுக்கு அந்தத் தைரியம் வெளியூர்களில் கிடைக்கவில்லை. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. பிழைப்புக்குப் போனவர்களும் கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுமாக லட்சக்கணக்கான கொரியர்கள் ஜப்பானில் சேர்ந்தார்கள். "பூண்டு நாறுகிறவர்கள்" என்பது அவர்களை நோக்கி வீசப்பட்ட வசை. ஒசாக்கா பக்கத்துக் கொரியக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள், பள்ளிக்கூடத்தில் தன் மேல் வாடை அடிக்குமோ என்ற பயத்தோடு வளர்ந்தார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் சோதனையான நேரம். பல வீடுகளில் கிம்ச்சிக்கென்று தனி ஃப்ரிட்ஜை கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்தார்கள், விருந்தாளி வந்தால் சமையலறையில் வாடை தெரியக்கூடாது என்று.

அதே ஒசாக்காவின் சுருஹாஷி சந்தையில் இன்றைக்குக் கிம்ச்சிக் கடைகளைத் தேடிக் கூட்டம் வருகிறது. கொரியக் கிம்ச்சி ஏற்றுமதியில் நெடுங்காலமாகப் பெரிய வாடிக்கையாளர் ஜப்பான்தான். புளிக்க வைக்காமல் செய்வதையும் அதே பெயரில் விற்கலாமா என்று இரண்டு நாடுகளும் மோதிக்கொண்டு, 2001-இல் உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் கிம்ச்சிக்கென்று ஒரு தரவரையறை வெளியிட்டது. பூண்டு மாறவில்லை, ஜொத் மாறவில்லை. கொரியா மாறிவிட்டது. கார், டிவி, போன் என்று உலகத்துக்கு விற்கிற நாடாக ஆனபிறகு, அதன் வாடையும் மரியாதைக்குரியதாகிவிட்டது. வசைக்குக் காரணம் மூக்கில் இருந்ததில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கேலி பேசப்பட்ட அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

வியட்நாம் போரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தென்கொரிய வீரர்கள் பல வருடங்களாக மாறி மாறிச் சண்டைக்குப் போனார்கள். அவர்களுக்குக் கிம்ச்சி வேண்டும் என்று அதிபர் பார்க் சுங்-ஹீ 1967-இல் அமெரிக்க அதிபர் ஜான்சனுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கப் பணத்தில் தகர டப்பாக் கிம்ச்சி போர்க்களத்துக்குப் போனது. சூட்டில் வேகவைத்து அடைத்த கிம்ச்சியில் நுண்ணுயிர் செத்திருக்கும். இருந்தாலும் மூடியைத் திறந்ததும் வந்த வாடை அந்தப் பையன்களுக்கு வீட்டைக் கொண்டுவந்திருக்கும்.

2008 ஏப்ரலில் யி சோ-யொன் கொரியாவின் முதல் விண்வெளி வீராங்கனையாகச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோதும் கிம்ச்சி கூடவே போனது. அதற்காக விஞ்ஞானிகள் பல வருடம் உழைத்தார்கள். உயிருள்ள பாக்டீரியா இருந்தால் வாயு உண்டாகிப் பை வெடிக்கலாம், விண்வெளிக் கதிரியக்கத்தில் அவை எப்படி மாறும் என்று சொல்ல முடியாது, பூட்டிய கலத்துக்குள் மற்ற நாட்டவருக்கு வாடை தொந்தரவாகலாம். எனவே கதிர்வீச்சால் நுண்ணுயிர்களைக் கொன்று, வாடையையும் குறைத்து அனுப்பினார்கள். விண்வெளியில் அது அவசியம், மறுக்கவில்லை. பூமியில் அப்படியொரு கிம்ச்சியை எனக்குக் கொடுத்தால் வேண்டாம் என்பேன். வாடை வளராத கிம்ச்சி என்றால் உள்ளே எதுவும் நடக்காத கிம்ச்சி.

கிம்ச்சி ஃப்ரிட்ஜின் விஷயம் வேறு. முன்பு ஓங்கி என்ற மண்ஜாடியில் கிம்ச்சியை வைத்துக் கழுத்துவரை மண்ணில் புதைப்பார்கள். வெளியே கடுங்குளிர் அடித்தாலும் மண்ணுக்குள் உறைநிலையை ஒட்டிய சீரான குளிர் இருக்கும், வாடையும் கொல்லையோடு நிற்கும். மக்கள் அடுக்குமாடிக்கு ஏறியபிறகு புதைக்க மண் ஏது? சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்தால் கதவைத் திறக்கத் திறக்கக் குளிர் ஏறி இறங்கும், பால், பழம், ஐஸ் கட்டி வரை கிம்ச்சி வாடை பிடிக்கும். 1984-இல் கோல்ட்ஸ்டார் நிறுவனம் கிம்ச்சிக்கென்று தனி ஃப்ரிட்ஜ் கொண்டுவந்தது. 1995-இல் வந்த திம்சே என்ற மாடல் ஊரெல்லாம் பரவியது. பெட்டி போல மேல்பக்கம் திறக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் மூடியைத் திறந்தாலும் உள்ளேயே தங்கும். இதை வாடையை மறைக்கும் கருவி என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மண்ணின் குளிரை மாடிக்குக் கொண்டுவந்த கருவி அது, கிம்ச்சியை மெதுவாக, அதன் வேகத்தில் வயதாக விடுகிறது.

இனி நம் பக்கத்துக் கதை. வேறு வீடு பார்க்கலாம் என்று குவாங்ஜூவில் ஒரு தரகரோடு அலைந்தபோது, இந்தியர் என்றதும் அவர் தயங்கினார். மசாலா வாடை சுவரில் ஏறிவிடும் என்று உரிமையாளர்கள் சொல்கிறார்களாம். கிம்ச்சி வாடை குடியிருந்த ஒரு மாடிப்படியில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார். அவர் வேண்டுமென்று புண்படுத்தவில்லை, அவர் மூக்குக்குக் கிம்ச்சி வாடை வாடையாகவே தெரியவில்லை. நமக்கும் அப்படித்தான். கடுகும் பெருங்காயமும் தாளித்த வீட்டுக்குள் நாம் எதையும் உணர்வதில்லை, சுகமாக மட்டும் இருக்கும். கருவாடு வறுத்தால் மட்டும் மாடியில் இருக்கிறவர் கதவைத் தட்டுவார், வாடகைக்கு விடும்போதே சைவமா என்று கேட்பார். ஜப்பானில் பூண்டு என்ற பெயரில் நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்குக் குவாங்ஜூவின் மாடிப்படியும் சென்னையின் வாடகை வீடுகளும் போதும். எந்த வாடைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதை அந்த இடத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

பெருங்காயம் என்றதும் இன்னொன்று. கொரியப் பௌத்தக் கோயில்களில் ஐந்து நெடிப் பொருள்களைச் சமையலில் சேர்ப்பதில்லை. பூண்டு, வெங்காயத்தாள், இரண்டு வகைக் காட்டுப்பூண்டுத் தாள்கள், ஐந்தாவதாகப் பெருங்காயம். பச்சையாகத் தின்றால் கோபத்தையும் சமைத்துத் தின்றால் காமத்தையும் தூண்டும் என்பது சாத்திரம் சொல்லும் காரணம். கொரியாவில் பெருங்காயம் புழக்கத்தில் கிடையாது, இந்தியாவிலிருந்து கிளம்பிய பட்டியல் என்பதால் அந்தப் பெயர் அதில் ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. பெருங்காயத்தின் நெடிக்கும் காரணம் கந்தகம்தான். எங்கள் ஆய்வகத்தில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தார், முழுச் சைவம். ஜொத் இருப்பதால் கிம்ச்சியைத் தொடமாட்டார். குவாங்ஜூவுக்கு வடக்கே ஜாங்சொங்கில் பெக்யாங்சா என்ற பழைய கோயில் இருக்கிறது. கோயில் சமையலால் உலகம் அறிந்த பிக்குணி ஜொங் க்வான் அதைச் சேர்ந்த ஒரு சிறு மடத்தில்தான் இருக்கிறார். அந்தப் பக்கத்துக் கோயில் சாப்பாட்டில்தான் தஞ்சாவூர்க்காரர் முதன்முதலாகக் கிம்ச்சி சாப்பிட்டார். பூண்டும் மீனும் இல்லாமல், சோயா சாறும் காளானும் கடல்பாசியும் கொதித்த தண்ணீரும் சேர்த்துப் போட்டது. புளிப்பும் கோஸும் இஞ்சியும் மட்டும் மணத்தது. சாப்பிட்ட பிறகு மூச்சில் எதுவும் தங்கவில்லை. அவர் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் ஹல்மொனியின் கிம்ச்சியில் பூண்டு செய்கிற வேலை எவ்வளவு என்பதை அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன்.

மூச்சில் தங்குவது பற்றிக் கேட்பவர்களுக்கு: பூண்டின் ஒரு கந்தகச் சேர்மம் செரித்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் திரும்ப வெளிவருகிறது. அதனால்தான் பல் தேய்த்தாலும் போவதில்லை. சாப்பாட்டோடு பாலோ சமைக்காத ஆப்பிளோ சேர்த்தால் கணிசமாகக் குறையும். அடுத்தவரைச் சந்திக்கும் நாளில் இதைச் செய்வது நல்ல பழக்கம்தான். கொரிய உணவகங்களில் கல்லாப்பெட்டி பக்கத்தில் மிட்டாய் வைத்திருப்பதும் அந்த எண்ணத்தில்தான்.

நம்மூர்ப் பெரிய கடைகளிலும் இப்போது கிம்ச்சி பாக்கெட் கிடைக்கிறது. உப்பியிருந்தால் பயப்படாதீர்கள், உள்ளே இருக்கும் பாக்டீரியாவின் வேலை அது. கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துத் திறங்கள். சைவம் என்றால் லேபிளில் மீன், இறால் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, மேலே இரண்டு விரல்கடை இடம் விட்டு, இலைகள் சாற்றுக்குள் மூழ்கும்படி அழுத்தி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் வாடையும் சிவப்பும் ஏறிவிடும். ஹல்மொனி அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் வெயிலில் கவிழ்ப்பார். சிவப்பு வெயிலில் வெளுத்துவிடும், நம்மூர் வெயிலுக்கு அது சுலபம்.

பச்சையாகத் தின்ன முடியவில்லை என்றால் சமைத்ததிலிருந்து தொடங்குங்கள். நன்றாகப் புளித்ததாக எடுத்து நறுக்கி, எண்ணெயில் நிதானமாக வதக்குங்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை. பூண்டின் பச்சை நெடி போய், வதங்கிய தக்காளித் தொக்கை ஒட்டிய மணம் வரும்வரை அடுப்பில் இருக்கட்டும். அப்புறம் தண்ணீரும் ஜாடியில் மிச்சமிருக்கும் சாறும் ஊற்றிக் கொதிக்கவிட்டு, சோயா பனீர் எனப்படும் தோஃபு துண்டுகளைப் போட்டு இறக்குங்கள். அசைவக்காரர்கள் வதக்கும்போதே பன்றிக்கறியோ டப்பா சூரை மீனோ சேர்க்கலாம். சோறு சூடாக இருக்கட்டும்.